லைப்போ பேட்டரி: சார்ஜ் போடுவதும் எடுத்து வைப்பதும்

கேள்வி சுருக்கமாக இது. ஓர் அப்பா தன் பன்னிரண்டு வயது மகனுக்கு ரிமோட்டில் பறக்கும் ஆர்சி விமானம் வாங்கியிருக்கிறார். கூடவே 3 எஸ், 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேக் இரண்டு, ஐமேக்ஸ் பி6 வகை சார்ஜர் ஒன்று. வாங்கிய கடையில், "ராத்திரி போட்டுட்டுத் தூங்குங்க, காலையில ஃபுல்லா இருக்கும்" என்றார்களாம். மைத்துனரோ, "அது வெடிக்கிற சாமான், வீட்டுக்குள்ளயே வைக்காதீங்க மாமா" என்கிறாராம். யார் சொல்வதைக் கேட்பது, எப்படி சார்ஜ் போடுவது, எங்கே எடுத்து வைப்பது என்று கேட்கிறார்.

கடையில் சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மைத்துனரின் பயம் நியாயமானது, ஆனால் அதற்காக விமானத்தைப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. நான் பதினோரு வருடமாக லைப்போ வைத்துப் பறக்கவிடுகிறேன். இன்றைக்கும் வீட்டில் இருபது பேக்குக்கு மேல் இருக்கிறது, அதே வீட்டில்தான் என் பிள்ளைகளும் தூங்குகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். உங்கள் கைப்பேசிக்குள் இருப்பதும் ஏறத்தாழ இதே வகை பேட்டரிதான். அதைத் தலைமாட்டில் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. காரணம், அந்த பேட்டரியின் தலையில் ஒரு சின்ன பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜ் எல்லை தாண்டினால் துண்டிக்கும், ரொம்பக் குறைந்தாலும் துண்டிக்கும், ஷார்ட் ஆனாலும் துண்டிக்கும். ஆர்சி விமானத்துக்கு வரும் பேக்கில் அந்த சர்க்யூட் கிடையாது. மோட்டார் முழு வேகத்தில் சுற்றும்போது முப்பது, நாற்பது ஆம்பியர் இழுக்கும். அவ்வளவையும் தாங்கும் போர்டு வைத்தால் எடை கூடும், நடுவானில் அது துண்டித்துவிட்டால் விமானம் கல் மாதிரி விழும். அதனால் செல்களை அடுக்கி, ஒயர் வைத்து, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த போர்டு பார்க்க வேண்டிய காவல் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். இனி நான் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

பேக்கின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிடுவோம். 3 எஸ் என்றால் மூன்று செல் தொடராக இணைந்திருக்கிறது. ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7. மூன்றும் சேர்ந்து 11.1. 2200 எம்ஏஎச் என்பது கொள்ளளவு, அதாவது 2.2 ஆம்பியரில் ஒரு மணி நேரம். 30சி, 40சி என்று பெரிதாகப் போட்டிருப்பது எவ்வளவு வேகமாக மின்சாரம் எடுக்கலாம் என்ற கணக்கு. அந்த எண்ணைப் பல தயாரிப்பாளர்கள் கூட்டித்தான் போடுகிறார்கள், முழுவதும் நம்ப வேண்டாம்.

ஒரு செல்லுக்கு நான்கு எண்கள் தெரிந்தால் போதும். 4.20 வோல்ட் என்றால் நிறைந்துவிட்டது, அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. 3.85 பக்கம் என்றால் ஏறக்குறைய பாதி, பேக் ஓய்வெடுக்க வேண்டிய இடம் அது. பறக்கும்போது 3.5 வந்தால் இறங்க வேண்டும். 3.0 என்பது தொடவே கூடாத அடி. உங்கள் 3 எஸ் பேக்குக்கு இவற்றை மூன்றால் பெருக்கினால் 12.6, 11.55, 10.5, 9.0. நான் இதை ஒரு சீட்டில் எழுதி சார்ஜர் மேலேயே ஒட்டியிருக்கிறேன்.

இந்த எல்லைகள் ஏன் இவ்வளவு கறார் என்பதற்கு செல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கிராஃபைட் பூசிய செம்புத் தகடு, மறுபக்கம் பெரும்பாலும் லித்தியம் கோபால்ட் ஆக்சைடு பூசிய அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் சவ்வு. இவை எல்லாம் எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைப்பானில் நனைந்திருக்கும். பெயரில் பாலிமர் என்று இருந்தாலும் நம் கைக்கு வருபவற்றில் திரவமோ கூழோதான் இருக்கிறது. இரும்பு உறை இல்லை, அலுமினியத் தாளில் செய்த பொட்டலம்தான். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கோபால்ட் பக்கத்திலிருந்து கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். கிராஃபைட் நிரம்பிய பிறகும் தள்ளிக்கொண்டே இருந்தால், இடம் கிடைக்காத லித்தியம் வெளியே உலோகமாகப் படியும். கோபால்ட் பக்கமோ லித்தியத்தை இழந்து நிலைகுலையும், கரைப்பான் சிதைந்து வாயுவாகும். பேக் உப்புவது அதனால்தான்.

ரொம்ப இறக்கினால் வேறு மாதிரிக் கெடுதல். செல் 2 வோல்ட்டுக்கும் கீழே போனால் செம்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அதற்குமேல் சார்ஜ் போடும்போது அந்தச் செம்பு தவறான இடத்தில் படிந்து, சவ்வைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே ஷார்ட் பண்ணும். "செத்த பேட்டரியை என்ஐஎம்எச் மோடில் போட்டுக் கொஞ்ச நேரம் ஏற்றினால் உயிர் வந்துவிடும்" என்று மைதானத்தில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். என்ஐஎம்எச் என்பது வேறு வகை, நிக்கல் பேட்டரிக்கான மோட். வந்த உயிர் எவ்வளவு நாள் இருக்கும், எப்படிப் போகும் என்று அவர்களுக்கும் தெரியாது. ஆயிரம் சொச்ச ரூபாய் பேக்குக்காக அந்த வேலை வேண்டாம்.

சரி, இப்போது சார்ஜ் போடுவோம். பேக்கில் இரண்டு ஒயர் இருக்கும். தடிமனானது எக்ஸ்டி60 அல்லது டீன்ஸ் முனையோடு இருக்கும், மின்சாரம் போவது அதன் வழியாக. மெல்லிய நான்கு ஒயர் கொண்ட வெள்ளை முனைதான் பேலன்ஸ் ஒயர். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கும் கண் அது. அதைச் செருகாமல் சார்ஜ் போடுகிறவர்கள் நிறைய. மொத்தம் 12.6 வந்தால் நிறைந்துவிட்டது என்று சார்ஜர் நினைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு செல் 4.30, மற்ற இரண்டும் 4.15 என்று இருந்தாலும் கூட்டினால் அதே 12.6 தான். அந்த 4.30 செல்தான் ஒரு நாள் உப்பும். ஆகவே எப்போதும் பேலன்ஸ் மோட், எப்போதும் இரண்டு ஒயரும்.

செருகும் வரிசையும் முக்கியம். சார்ஜ் கேபிளின் ஒரு முனையில் மஞ்சள் எக்ஸ்டி60, மறுமுனையில் சிவப்பு, கறுப்பு பனானா பிளக்குகள். முதலில் பனானா பிளக்குகளை சார்ஜரில் செருகுங்கள், பிறகுதான் பேட்டரி. மாற்றிச் செய்தால் கையில் தொங்கும் இரண்டு பிளக்குகளிலும் பேட்டரியின் மின்சாரம் இருக்கும், ஒன்றோடொன்று உரசினால் பளீரென்று ஒரு ஷார்ட். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, பிறகு பிளக்.

அமைப்பு மூன்றே மூன்று. வகை: லைப்போ. கரண்ட்: 2.2 ஆம்பியர். செல்: 3. இந்தக் கரண்டை 1சி என்போம், கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியர். 1300 பேக்குக்கு 1.3, 5000 பேக்குக்கு 5. பேக் மேல் "5சி வரை சார்ஜ் போடலாம்" என்று அச்சடித்திருந்தாலும் நான் போடுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து போடும் சார்ஜுக்கு என்ன அவசரம்? 1சி போட்டால் சுமார் ஒரு மணி நேரம். கடைசியில் செல்களைச் சமப்படுத்தும்போது கொஞ்சம் இழுக்கும். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் இழுத்தால், ஏதோ ஒரு செல் களைத்துவிட்டது என்று அர்த்தம்.

தொடக்கப் பொத்தானை அழுத்திப் பிடித்ததும் பி6 திரையில் ஆர் என்று ஓர் எண்ணும், எஸ் என்று ஓர் எண்ணும் வரும். ஆர் என்பது சார்ஜர் கண்டுபிடித்த செல் எண்ணிக்கை, எஸ் என்பது நீங்கள் சொன்னது. இரண்டும் 3 என்று இருந்தால் மட்டும் சரி கொடுங்கள். பார்க்காமல் விரல் தானாக அழுத்தும் பழக்கம் ஒரு வருடத்தில் எல்லோருக்கும் வந்துவிடும், ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. 2 எஸ் பேக்கைப் போட்டுவிட்டு 3 எஸ் என்று சார்ஜரை நம்ப வைத்தால், அது ஒரு செல்லுக்கு 6.3 வோல்ட் வரை ஏற்றப் பார்க்கும். என்ஐஎம்எச் மோடில் லைப்போவைப் போட்டாலும் அப்படித்தான். அந்த வகை பேட்டரி நிறையும்போது வோல்டேஜ் லேசாகக் குறையும், சார்ஜர் அந்தக் குறைவுக்காகவே காத்திருக்கும். லைப்போவில் அது வரவே வராது, ஏற்றிக்கொண்டே போகும். எனக்குத் தெரிந்து நடந்த சார்ஜ் விபத்துகளில் பாதிக்கு மேல் பேட்டரியின் குற்றமல்ல, தவறான மோட், தவறான செல் எண்ணிக்கை.

சார்ஜர் அமைப்புக்குள் பாதுகாப்பு நேரம், கொள்ளளவு எல்லை என்று இரண்டு இருக்கும். நேரத்தை 120 நிமிடமாகவும் கொள்ளளவை 2500 ஆகவும் வைத்துவிடுங்கள். ஏதாவது தப்பாகி 2200 பேக்குக்குள் அதற்கு மேல் போக ஆரம்பித்தால் அதுவே நிறுத்திவிடும்.

எங்கே வைத்துப் போடுவது? மெத்தை, சோபா, மர மேசை, திரைச்சீலைக்குப் பக்கம், செய்தித்தாள் கட்டுக்குப் பக்கம் எதுவும் கூடாது. தரையில் வைக்கிறேன் என்று வாசற்படியோரமாகவும் வைக்காதீர்கள். ஏதாவது ஆனால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே ஓட வேண்டிய வழி அது. வராந்தாவின் சிமென்ட் தரையோ டைல்ஸ் தரையோ நல்லது. நான் வாய் அகன்ற மண் தொட்டி, அதாவது செடி வைக்கும் தொட்டி, ஒன்றுக்குள் பேக்கை வைத்துப் போடுகிறேன். சுட்ட மண்ணுக்கு நெருப்பு புதிதல்ல. பக்கத்திலேயே உலர்ந்த மணல் ஒரு வாளி. லைப்போ பை என்று கடையில் விற்கும் கண்ணாடியிழைப் பையும் வைத்திருக்கிறேன், அது தீப்பொறி சிதறுவதைக் குறைக்கும், புகையை அடக்காது. பைக்குள் போட்டாயிற்று என்று நிம்மதியாகக் கட்டிலில் வைத்துவிடக் கூடாது.

சார்ஜ் ஏறும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அடுப்பில் பால் வைத்துவிட்டு யாரும் கடைக்குப் போவதில்லை, பக்கத்து அறைக்குப் போனாலும் காது அடுப்படியில்தான் இருக்கும். அந்த அளவு கவனம் போதும். அரை மணிக்கு ஒரு தடவை பேக்கைத் தொட்டுப் பாருங்கள், 1சி சார்ஜில் அது சூடாகவே கூடாது. வெதுவெதுப்பு தெரிந்தாலே நிறுத்துங்கள். புது பேக்தானே, என்ன ஆகப்போகிறது என்றும் எண்ண வேண்டாம். 2016இல் சாம்சங் நிறுவனம் தன் கேலக்ஸி நோட் 7 போன்களை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது செல்லுக்குள் இருந்த வடிவமைப்பு, தயாரிப்புக் குறைகளால்தான். அவ்வளவு சோதனைகளைத் தாண்டி வந்த செல்லிலேயே அப்படி நடந்தது என்றால், நாம் வாங்கும் பேக்கில் நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செல் தயாரிப்பாளர்கள் சார்ஜ் போட வைத்திருக்கும் மேல் எல்லை பொதுவாக 45 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடித் தரையும் நிழலில் நிறுத்தாத காரும் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த மாதங்களில் சார்ஜ் எல்லாம் விடியலிலோ இரவு சாப்பாட்டுக்கு முன்போ. பறந்து இறங்கிய பேக் கையில் சூடாக இருக்கும்போதே மறுபடி சார்ஜில் போடாதீர்கள், முழுவதும் ஆறட்டும். கார் டிக்கியிலும் டேஷ்போர்டிலும் பேக்கை விட்டுவிட்டு ஹோட்டலில் சாப்பிடப் போகவே கூடாது.

ஒரே பலகையில் நாலைந்து பேக்கைச் செருகி ஒன்றாகச் சார்ஜ் போடும் பேரலல் போர்டு பற்றியும் யாராவது சொல்வார்கள். இப்போதைக்கு உங்களுக்கு வேண்டாம். ஏன் என்று ஒரு கணக்கு: நிறைந்த 12.6 வோல்ட் பேக் ஒன்றும், இறங்கிய 11.1 வோல்ட் பேக் ஒன்றும் அதில் செருகினீர்கள். வித்தியாசம் 1.5 வோல்ட். இரண்டின் உள் மின்தடையும் சேர்ந்து 60 மில்லி ஓம் என்று வைத்தால், செருகிய அந்தக் கணமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 25 ஆம்பியர் பாயும். 2.2 ஆம்பியர் கொடுக்க வேண்டிய பேக்குக்கு 25. சார்ஜருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, அது தடுக்கவும் முடியாது.

அப்புறம், எடுத்து வைப்பது. எல்லோரும் சார்ஜைப் பற்றித்தான் பயப்படுகிறார்கள், ஆனால் பேக்குகள் அதிகமாகச் சாவது அலமாரியில்தான். சில வருடங்களுக்கு முன் மே மாதத்தில் நடந்தது. ஞாயிறு காலை பறக்கலாம் என்று சனி இரவே மூன்று பேக்கை முழுதாக ஏற்றி வைத்தேன். ஞாயிறு விடியலில் நல்ல கோடை மழை, ஏரித் திடல் முழுக்கச் சேறு. அடுத்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். அதற்கடுத்த வாரம் அலுவலக வேலை. மூன்று பேக்கும் தகரக் கூரைக்குக் கீழே இருந்த என் பட்டறை அலமாரியில் 12.6 வோல்ட்டோடு கிடந்தன. இருபத்து நான்காம் நாள் திறந்தபோது மூன்றும் பூரி மாதிரி உப்பியிருந்தன. விழவில்லை, அடிபடவில்லை, சார்ஜில் தப்பில்லை. நிறைந்த வயிறும் வெக்கையும் சேர்ந்ததுதான் காரணம். 4.2 வோல்ட்டில் செல்லின் உள்ளே எல்லாமே விறைத்த நிலையில் இருக்கும். சூடு கூடக் கூட கரைப்பான் சிதையும் வேகமும் கூடும். முழு சார்ஜ் என்பது பறப்பதற்கு முன் சில மணி நேரம் இருக்க வேண்டிய நிலை. அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி: கிளம்பும் நாள் காலையில்தான் முழுதாக ஏற்றுவது, பறக்காவிட்டால் அன்று இரவோ மறுநாளோ பாதிக்கு இறக்கிவிடுவது.

இறக்குவதற்கு சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று ஒரு மோட் உண்டு. செல்லை 3.85 பக்கம் கொண்டுவந்து நிறுத்தும். பி6 வகையில் அது மெதுவாகத்தான் நடக்கும், ஏனென்றால் அந்த சார்ஜரால் 5 வாட் அளவுக்குத்தான் வெளியே எரிக்க முடியும். உங்கள் பேக்கை நிறைந்த நிலையிலிருந்து பாதிக்கு இறக்க இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பொறுமை இல்லையென்றால் மோட்டார் சைக்கிள், கார் இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எக்ஸ்டி60 முனையோடு சேர்த்து சால்டர் செய்துகொள்ளுங்கள். ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், முக்கால் மணிக்குள் வேலை முடியும். ஆனால் பல்புக்கு நிறுத்தத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, செக்கரைப் பேலன்ஸ் ஒயரில் செருகி, 3.85 வந்ததும் நீங்கள்தான் கழற்ற வேண்டும். மறந்து எழுந்து போனால் அன்றோடு அந்த பேக் முடிந்தது.

செக்கர் என்றேன், அதை முதலில் வாங்குங்கள். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பேலன்ஸ் ஒயரில் செருகினால் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டும். குறைந்தால் அலறும் பஸ்ஸரும் அதிலேயே உண்டு. 3.5இல் அலறும்படி வைத்து விமானத்திலேயே கட்டி அனுப்புங்கள். சத்தம் கேட்டதும் மகன் இறக்கப் பழகட்டும். இறங்கிச் சில நிமிடம் கழித்து அளந்தால் 3.7 பக்கம் ஏறியிருக்கும், அது நல்ல அளவு. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று போனால் 3.5க்குக் கீழே வோல்டேஜ் மெல்ல இறங்காது, கிணற்றுக்குள் வாளி விழுவது போல விழும். இறங்கியதும் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். விமானத்தோடு செருகியபடியே அலமாரியில் வைத்தால் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து இரண்டு மூன்று நாளில் காலி செய்துவிடும். எனக்குத் தெரிந்த பையன்கள் இழந்த பேக்குகளில் பெரும்பாலானவை இப்படித்தான் போயின.

வீட்டில் எங்கே வைப்பது? நான் பழைய டிரங்குப் பெட்டி ஒன்றில் வைக்கிறேன். அடியிலும் சுவர்களிலும் டைல்ஸ் துண்டுகள் பதித்து, தகரம் ஒயர் முனைகளில் படாமல் பார்த்துக்கொண்டேன். மூடி லேசாகச் சாத்தியிருக்கும், பூட்டுவதில்லை, ரப்பர் போட்டு இறுக்குவதும் இல்லை. உள்ளே ஒரு பேக் வெடித்து வாயு கிளம்பினால் வெளியேற வழி வேண்டும். காற்றுப் புகாத இரும்புப் பெட்டி என்பது அந்த நேரத்தில் குண்டு. பெட்டி படுக்கையறையில் இல்லை, பரணிலும் இல்லை. பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். தரைமட்டத்தில், வெயில் விழாத மூலையில் இருக்கிறது. எக்ஸ்டி60 முனைகளுக்கு எல்லாம் மூடி போட்டிருக்கிறேன். வெளியே எடுத்துப் போகும்போது சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் பையில் பேக்கைப் போடக் கூடாது என்பதையும் பையனுக்குச் சொல்லிவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் உண்டு. நான் வைக்கமாட்டேன், வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரக்காற்றில் அது வேர்த்துவிடும். சாப்பாடு வைக்கிற இடமும் கூட. 3.85இல் விட்ட பேக் மாதத்துக்கு மிகக் கொஞ்சம்தான் குறையும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செக்கர் வைத்துப் பார்த்தால் போதும்.

விழுந்த பேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ணால் பார்த்த ஒரே தீ அதனால் வந்தது. நண்பர் ஒருவரின் விமானம் மூக்கு குத்தி விழுந்தது. பேக்கின் ஒரு முனை லேசாக நசுங்கியிருந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. வோல்டேஜும் சரியாக இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அவர் கிளம்பினார், வயதில் மூத்த ஒருவர்தான் "இருப்பா, அதை அங்க கல்லு மேல வெச்சுட்டு டீ குடிச்சுட்டு வருவோம்" என்று நிறுத்தினார். முக்கால் மணி நேரம் கழித்து வெள்ளைப் புகை, அடுத்த சில விநாடியில் சீறிக்கொண்டு தீ. வண்டியில் போயிருந்தால் முதுகில் தொங்கிய பையில் நடந்திருக்கும். நசுங்கிய முனையில் சவ்வு கிழிந்து மெல்ல மெல்லச் சூடேறியிருக்கிறது. சுமார் 130 டிகிரியில் சவ்வு உருக ஆரம்பிக்கும். அதற்குமேல் சூடேறினால் கோபால்ட் ஆக்சைடே ஆக்சிஜனை வெளியே விடும். பிறகு யாராலும் நிறுத்த முடியாது. அதனால் விழுந்த பேக்கைக் குறைந்தது ஒரு மணி நேரம் திறந்த வெளியில் வைத்துப் பாருங்கள். உறை கிழிந்தாலோ, முனை நசுங்கினாலோ, பழவாசனை போல இனிப்பான ஒரு நெடி வந்தாலோ அது இனி சார்ஜருக்குப் போகவே கூடாது. உப்பிய பேக்கும் அப்படியே. ஊசியால் குத்திக் காற்றை விட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவரிடமிருந்து உங்கள் மகனைத் தள்ளி வையுங்கள்.

தீயே வந்துவிட்டால்? முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும், மூச்சில் போகக் கூடாது. மெயின் சுவிட்சை அணையுங்கள். கையில் பிடித்துத் தூக்கி எறியப் பார்க்காதீர்கள். மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கொட்டுங்கள், சுற்றிலும் பரவாமல் அடக்கும். ஆனால் ஆக்சிஜன் உள்ளிருந்தே வருவதால் மூடினால் மட்டும் அணையாது. சூட்டைக் குறைக்க வேண்டும், அதற்குத் தண்ணீர்தான். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்று பள்ளியில் படித்தது தனி உலோகத்துக்கு. இந்த செல்லில் லித்தியம் பெரும்பாலும் அயனியாகத்தான் இருக்கிறது. மின்சாரம் துண்டித்த பிறகு தள்ளி நின்று தாராளமாக ஊற்றலாம். ஒரு செல் அணைந்தாலும் பக்கத்துச் செல் சில நிமிடம் கழித்துக் கிளம்பும், அதனால் அணைந்ததை உடனே தொடாதீர்கள். திரையிலோ மரச்சாமானிலோ பற்றிவிட்டால் வீரம் வேண்டாம், வெளியே வந்து 101ஐ அழையுங்கள்.

காலம் முடிந்த பேக்கை மாநகராட்சி குப்பை வண்டியில் போடக் கூடாது, அங்கே நசுக்குவார்கள். அடிபடாத பேக் என்றால் அதே பல்பை வைத்து, திறந்த வெளியில், வெளிச்சம் முழுவதும் அணையும் வரை இறக்குங்கள். உப்பு நீரில் ஊறப்போடும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். பல சமயம் முனைகள் துருப்பிடித்து அறுந்துவிடும், உள்ளே மின்சாரம் அப்படியே நிற்கும், வெளியே பார்த்தால் தெரியாது. முழுவதும் இறங்கிய பிறகு முனைகளுக்கு டேப் சுற்றி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. வாங்கிய கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

லீவுக்கு விமானத்தில் ஊருக்குப் போனால் ஒரு குறிப்பு: தனி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. உங்கள் பேக் 11.1 பெருக்கல் 2.2, சுமார் 24 வாட் மணி. தனி அனுமதி கேட்க வேண்டிய 100 வாட் மணிக்கு ரொம்பக் கீழே. முனைகளை மூடி, ஒவ்வொன்றையும் தனி உறையில் போடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் இரண்டு பேக்கையும் சார்ஜில் போடும் முன் செக்கரில் அளந்து பாருங்கள். புதிதாக வருபவை பாதி சார்ஜில்தான் வரும், ஒவ்வொரு செல்லும் 3.8 பக்கம், ஒன்றுக்கொன்று ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குக்குள் ஒத்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு செல் மட்டும் 0.1 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கியிருந்தாலோ, 3.0க்குக் கீழே இருந்தாலோ, அதைச் சரிசெய்யப் பார்க்காமல் பில்லோடு கடைக்குக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். அளப்பதை மகனே செய்யட்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று செல்லின் எண்ணையும் அவன் கையால் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஒரு வரி. எந்தச் செல் மெல்ல மெல்லப் பின்தங்குகிறது என்று அந்த நோட்டில் உங்கள் இருவருக்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.